6 மாத 'பார்மசி டெக்னீசியன்' சான்றிதழ் போதுமா? மருந்து கவுன்ட்டரில் நிற்க யாருக்கு உரிமை? டெல்டா மாணவர்களுக்கு முழு விளக்கம்

பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் பல வீடுகளில் ஒரே கேள்விதான்: "அடுத்து எதுல சேர்க்கறது?" எம்.பி.பி.எஸ். எட்டாத தூரம். அதே நேரம் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை கிடைத்தால் நல்லது என்ற ஆசையும் இருக்கும். அப்போதுதான் கண்ணில் படும் அந்த விளம்பரம்: "6 மாதத்தில் பார்மசி டெக்னீசியன். படிப்பு முடிந்ததும் மருத்துவமனையில் வேலை."

சம்பா அறுவடைப் பணத்தில் ஒரு பங்கை ஃபீஸுக்கு என்றே எடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் இவை. அந்தப் பணம் சரியான இடத்துக்குப் போகிறதா என்பதுதான் விஷயம். ஏனென்றால் மருந்துத் துறையில் சான்றிதழ் வேற, உரிமை வேற. கையில் சான்றிதழ் இருந்தாலும், மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் உரிமை இல்லாமல் போகலாம்.

இந்த உரிமை யாருக்கு, அதை எப்படிப் பெறுவது, மருத்துவமனை மருந்தகத்தில் வேலை உண்மையில் எப்படி இருக்கும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

* இந்தியாவில் மருந்துச் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமை, மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்த மருந்தாளுநருக்கு மட்டுமே.
* அதற்கான குறைந்தபட்சப் படிப்பு டி.பார்ம். 2 ஆண்டுப் படிப்பு, அதோடு 500 மணி நேர நேரடிப் பயிற்சி.
* படிக்கும் கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும்.
* படிப்பு முடித்தபின் 'எக்ஸிட் தேர்வு' என்ற புதிய படி வந்திருக்கிறது. முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது.
* குறுகிய காலப் படிப்புகள் உதவியாளர் வேலைக்கு உதவலாம். பதிவுக்கு உதவாது.

'பார்மசி டெக்னீசியன்' என்று ஒரு பதவி இருக்கிறதா?

அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பார்மசிஸ்ட் ஆக பல ஆண்டுப் பட்டப்படிப்பு வேண்டும். அவருக்குக் கீழே, அவர் மேற்பார்வையில் மாத்திரை எண்ணுவது, லேபிள் ஒட்டுவது, ஸ்டாக் பார்ப்பது போன்ற வேலைகளைச் செய்பவர்தான் டெக்னீசியன். அவர்களுக்கென்று தனியாகத் தேர்வு நடத்தி சான்றிதழ் தரும் 'பார்மசி டெக்னீசியன் சர்டிஃபிகேஷன் போர்டு' என்ற அமைப்பு 1995-ல் அங்கே தொடங்கப்பட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1948-ம் ஆண்டு பார்மசி சட்டத்தில் இப்படி இரண்டு அடுக்கு கிடையாது. பதிவு செய்த மருந்தாளுநர் என்ற ஒரே தகுதிதான். டி.பார்ம் முடித்தவரும், பி.பார்ம் முடித்தவரும், பார்ம்.டி முடித்தவரும் ஒரே பதிவேட்டில்தான் வருவார்கள்.

அதனால் 'டெக்னீசியன்' என்ற பெயரில் நடக்கும் குறுகிய காலப் படிப்பை முடித்தவருக்கு இந்தச் சட்டத்தில் தனி இடம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் பெயரை இங்கே விளம்பரத்தில் பயன்படுத்தலாம். அங்கே அந்தப் பெயரோடு வரும் சட்ட அந்தஸ்து இங்கே வராது.

'கம்பவுண்டர்' காலம் முதல் 1948 சட்டம் வரை

ஊரில் பெரியவர்கள் இன்றைக்கும் மருந்தாளுநரை 'கம்பவுண்டர்' என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் டாக்டர் எழுதிக் கொடுப்பதை அளந்து, கலந்து, பாட்டிலில் ஊற்றி, எத்தனை வேளை என்று காகிதம் ஒட்டிக் கொடுத்தவர் அவர். பலருக்கு அது டாக்டரோடு கூடவே இருந்து பழகிய தொழில். நாடு முழுக்க ஒரே மாதிரியான படிப்போ தேர்வோ கிடையாது.

போலி மருந்துகளும் கலப்பட மருந்துகளும் பெரிய பிரச்சினையானபோது, 1930-ல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அன்றைய அரசு அமைத்தது. அந்தக் குழு மறு ஆண்டே அறிக்கை கொடுத்தது. மருந்தின் தரத்துக்குச் சட்டம் வேண்டும், மருந்து கொடுப்பவருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்பது அதன் சாரம்.

அதன் தொடர்ச்சியாக 1940-ல் மருந்துகள் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் பார்மசி சட்டம் வந்தது. அதன்கீழ் 1949-ல் இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது. எந்தப் படிப்பு செல்லும், எந்தக் கல்லூரி செல்லும் என்று முடிவு செய்வது இந்த அமைப்பு. யார் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்பது மாநிலக் கவுன்சில். நமக்கு அது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு பார்மசி கவுன்சில்.

சட்டம் சொல்வது என்ன?

பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு நேரடியானது. டாக்டரின் மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து தயாரிப்பதோ, கலப்பதோ, வழங்குவதோ பதிவு செய்த மருந்தாளுநரின் வேலை. மற்றவர்கள் செய்தால் சிறை, அபராதம் வரை தண்டனை உண்டு. டாக்டர் தன் சொந்த நோயாளிக்குத் தானே மருந்து கொடுப்பதற்கு மட்டும் விலக்கு இருக்கிறது.

இதோடு 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 65-வது விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மருந்துச் சீட்டுக்கான மருந்தை மருந்தாளுநரே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

அப்போ மெடிக்கலில் உதவியாளரா வேலை பார்ப்பது தப்பா?

தப்பில்லை. பெட்டி பிரித்து அடுக்குவது, பில் போடுவது, ஸ்டாக் எடுப்பது, காலாவதி தேதி பார்த்துத் தனியாக வைப்பது என்று ஒரு மருந்தகத்தில் நிறைய வேலை இருக்கிறது. அந்த வேலைகளுக்குக் குறுகிய காலப் பயிற்சி உதவியாகவே இருக்கும். மருந்தாளுநர் பக்கத்தில் இருந்து சரிபார்க்கும்வரை சிக்கல் இல்லை.

அவர் இல்லாத நேரத்தில் உதவியாளரே சீட்டைப் படித்து மருந்து கொடுத்து அனுப்பினால்தான் பிரச்சினை. தவறு நடந்தால் அந்த இளைஞரிடம் "உனக்கு என்ன தகுதி?" என்று கேட்பார்கள். அப்போது 6 மாதச் சான்றிதழ் பதிலாகாது.

டி.பார்ம்: யார் சேரலாம், என்ன படிக்கணும்?

பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல் கட்டாயம். மூன்றாவது பாடமாக உயிரியலோ கணிதமோ இருந்தால் போதும். அதாவது பயாலஜி குரூப் மாணவர்கள் மட்டுமல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸோடு கணிதம் படித்தவர்களும் சேரலாம். நீட் தேர்வு தேவையில்லை. அரசு இடங்களுக்கான விண்ணப்பத்தை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு அறிவிக்கும்.

இப்போதைய பாடத்திட்டம் 2020-ம் ஆண்டு விதிமுறைப்படி அமைந்தது.

முதல் ஆண்டில் மருந்து தயாரிப்பியல், மருந்து வேதியியல், மூலிகை மற்றும் இயற்கை மருந்துப் பொருள்களைப் பற்றிய பாடம், உடற்கூறியல், சமூக மருந்தியல் ஆகியவை.

இரண்டாம் ஆண்டில் மருந்துகள் உடலில் எப்படி வேலை செய்கின்றன என்பது, எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்பது, உயிர்வேதியியல், மருந்துக்கடை மேலாண்மை, மருத்துவமனை மருந்தகம், மருந்துச் சட்டமும் நெறிமுறையும்.

பாடம் முடிந்ததும் படிப்பு முடிந்துவிடாது. குறைந்தது 3 மாதங்களில், 500 மணி நேரத்துக்குக் குறையாமல் நேரடிப் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் பாதி, அதாவது 250 மணி நேரம், மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து வழங்கும் வேலையிலேயே கழிய வேண்டும்.

இந்த 250 மணி நேரத்தை லேசாக எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. டாக்டரின் கையெழுத்தைப் படிப்பது, ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு மருந்துகளைப் பிரித்தறிவது, தமிழில் நோயாளிக்குப் புரியச் சொல்வது எல்லாம் இங்கேதான் வரும். பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்பதை அட்மிஷன் நேரத்திலேயே கல்லூரியில் கேட்டுக்கொள்வது நல்லது.

எக்ஸிட் தேர்வு என்றால் என்ன?

2022 பிப்ரவரியில் இந்திய பார்மசி கவுன்சில் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. டி.பார்ம் பாஸ் செய்தால் மட்டும் போதாது. நாடு முழுவதும் ஒரே மாதிரி நடக்கும் எக்ஸிட் தேர்விலும் தேற வேண்டும். அதன் பிறகுதான் பதிவு.

தேர்வில் 3 தாள்கள்.

முதல் தாளில் மருந்து தயாரிப்பியல், மருந்தியல், இயற்கை மருந்துப் பொருள்கள். இரண்டாம் தாளில் மருந்து வேதியியல், உயிர்வேதியியல், மருத்துவமனை மருந்தகம். மூன்றாம் தாளில் மருந்துச் சட்டமும் மருந்துக்கடை மேலாண்மையும்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் முறை. ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் வேண்டும். மூன்றையும் ஒரே முயற்சியில் தாண்ட வேண்டும். ஒரு தாளில் விட்டுவிட்டால் மறுபடி மூன்றையும் எழுத வேண்டும். ஆனால் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது. எம்.டி., எம்.எஸ். இடங்களுக்கான நீட் பி.ஜி. தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு வாரியம்தான் இதையும் 2024 அக்டோபரில் முதல் முறையாக நடத்தியது.

தமிழ்வழியில் பிளஸ் 2 படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில். அதனால் மருந்துப் பெயர்களையும் கலைச்சொற்களையும் முதல் ஆண்டிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவது உதவும். கடைசி மாதத்தில் ஆரம்பித்தால் சிரமம்.

பதிவு: இதுதான் உண்மையான கதவு

படிப்பு, பயிற்சி, எக்ஸிட் தேர்வு மூன்றும் முடிந்தபின் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவு எண் வந்த நாளிலிருந்துதான் ஒருவர் சட்டப்படி மருந்தாளுநர். அதன்பின் புதுப்பித்தலையும் தவறவிடக் கூடாது.

2015-ம் ஆண்டு பார்மசி நடைமுறை விதிகளின்படி, மருந்தகத்தில் பணியிலிருக்கும் மருந்தாளுநர் வெள்ளை மேலங்கி அணிந்து, பெயரும் பதிவு விவரமும் உள்ள பேட்ஜ் போட்டிருக்க வேண்டும். அடுத்த முறை மெடிக்கல் ஷாப் போகும்போது அந்தப் பேட்ஜ் இருக்கிறதா என்று நீங்களும் பார்க்கலாம்.

'சர்டிபிகேட்டை மட்டும் கொடுங்க, மாசம் பணம் தர்றோம்' என்றால்?

பதிவு கைக்கு வந்ததும் புது மருந்தாளுநர்களைத் தேடி வரும் ஆசை வார்த்தை இது. "தம்பி, நீங்க கடைக்கு வரவே வேணாம். சர்டிபிகேட்டை மாட்டிக்கிறோம். மாசம் ஒரு தொகை வந்துடும்" என்பார்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அந்தக் கடையில் கொடுக்கப்படும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் உங்கள் பெயர்தான் நிற்கும். நீங்கள் பார்க்காத சீட்டுக்கு, நீங்கள் கொடுக்காத மருந்துக்கு நீங்கள் பொறுப்பு. தொழில் ஒழுக்கத்தை மீறியவர் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்க பார்மசி சட்டத்தின் 36-வது பிரிவில் இடம் இருக்கிறது. 2 ஆண்டுப் படிப்பும் அதற்குச் செலவழித்த பணமும் அத்தோடு போய்விடும்.

ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி அங்கீகாரம் பாருங்க

புதிய பார்மசி கல்லூரிகள் அதிகமாகின்றன என்று சொல்லி, 2019 ஜூலையில் இந்திய பார்மசி கவுன்சில் 5 ஆண்டுகளுக்குப் புதிய டி.பார்ம், பி.பார்ம் கல்லூரிகளுக்குத் தடை போட்டது. கல்லூரிகள் நீதிமன்றம் போயின. தொழில் தொடங்கும் உரிமையை வெறும் தீர்மானத்தின் மூலம் கட்டுப்படுத்த முடியாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடை போனது. புதிய கல்லூரிகளுக்கு வழி திறந்தது.

புதிய கல்லூரி என்றாலே மோசம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் சரிபார்க்கும் பொறுப்பு இப்போது மாணவர் வீட்டுக்கு வந்துவிட்டது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

* இந்திய பார்மசி கவுன்சில் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் பெயர், ஊர் இரண்டும் அதில் சரியாகப் பொருந்துகிறதா பாருங்கள்.
* எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்று பாருங்கள். பி.பார்முக்கு இருப்பதால் டி.பார்முக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.
* எந்தக் கல்வி ஆண்டு வரை, எத்தனை இடங்களுக்கு என்று பாருங்கள். நீங்கள் சேரும் ஆண்டு அதில் இருக்க வேண்டும்.
* "அப்ரூவல் வந்துகிட்டே இருக்கு" என்ற பதிலை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.
* கட்டும் தொகைக்கெல்லாம் கல்லூரி பெயரில் ரசீது வாங்குங்கள்.

டெல்டா மாணவர்கள் பக்கத்திலேயே படிக்க நினைத்தால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பார்மசி துறை இருக்கிறது. திருச்சியில் பெரியார் மருந்தியல் கல்லூரி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் மேலே சொன்ன சரிபார்ப்பை ஒரு முறை செய்துவிடுவது நல்லது.

அரசு மருத்துவமனை மருந்தகம் எப்படி இயங்குது?

டெல்டாவின் பெரிய அரசு மருத்துவமனை, 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. நகருக்குள் மகப்பேறுக்கும் குழந்தைகளுக்கும் ராஜா மிராசுதார் மருத்துவமனை. பிறகு திருவாரூரில் 2010-லும், நாகப்பட்டினத்தில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. இவற்றோடு தாலுகா மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள். இத்தனை இடங்களிலும் மருந்தாளுநர் வேண்டும்.

மருந்து எங்கிருந்து வருகிறது? 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற நிறுவனத்தை அரசு தொடங்கியது. மாநிலத்துக்குத் தேவையான மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது அதன் வேலை. வாங்கிய மருந்தின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, தரம் சரி என்று தெரிந்தபின்தான் மருத்துவமனைக்கு விடுவார்கள். மாவட்டக் கிடங்குகள் இருக்கின்றன. தஞ்சாவூரிலும் ஒன்று உண்டு.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதற்கு ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வங்கிப் பாஸ்புக் மாதிரிதான். எடுக்க எடுக்க இருப்பு குறையும். இந்த முறையைப் பார்த்துத்தான் பின்னாளில் கேரளாவும் ராஜஸ்தானும் இதுபோன்ற கழகங்களை அமைத்தன.

இந்தப் பாஸ்புக் கணக்கும் ஸ்டாக் கணக்கும் மருந்தாளுநர் கையில். எந்த மாதம் எந்த மருந்து அதிகம் போகும், எது எப்போது காலாவதி ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதலில் காலாவதி ஆவது முதலில் வெளியே போக வேண்டும் என்பது அடிப்படை விதி. கணக்கு தப்பினால் ஒரு பக்கம் மருந்து வீணாகும், இன்னொரு பக்கம் "ஸ்டாக் இல்லை" என்று நோயாளி திரும்பிப் போவார்.

காலையில் புறநோயாளி கவுன்ட்டரில் வரிசை. "அண்ணே, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?", "தம்பி, போன தடவை மஞ்சள் மாத்திரை குடுத்தீங்க, இப்ப வெள்ளையா இருக்கே?" என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். மாத்திரையின் நிறம் மாறியதால் வேறு மருந்து என்று நினைத்து, சாப்பிடாமல் விட்டுவிடும் நோயாளிகள் உண்டு. அந்த ஒரு கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும் சிகிச்சைதான்.

உள்நோயாளிப் பிரிவு வேறு மாதிரி. வார்டிலிருந்து நர்ஸ் அனுப்பும் இண்டென்ட்டைப் பார்த்து மருந்து அனுப்ப வேண்டும். அளவு சந்தேகமாக இருந்தால் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மார்பின் போன்ற வலி மருந்துகளைப் பூட்டி வைத்து, தனிப் பதிவேட்டில் ஒவ்வொரு ஊசிக்கும் கணக்கு எழுத வேண்டும்.

தனியார் மருந்தகங்களில் 'ஷெட்யூல் எச்1' பதிவேடு முக்கியம். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. வீரியமான சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பழக்கமாகிவிடக்கூடிய சில மருந்துகள் இதில் வரும். யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு என்று எழுதி, 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

வயல் நாட்டில் மருந்தாளுநர் ஏன் முக்கியம்?

முதலில் பாம்புக்கடி. நடவு, களை, அறுவடை என்று வயலில் கால் வைக்கும் எல்லா நாளும் ஆபத்து உண்டு. இந்தியாவில் அதிக உயிர்களை எடுப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. நான்குக்கும் ஒரே விஷமுறி மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தின் முக்கிய மூலமே தமிழ்நாடுதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது.

விஷம் ஏறியது உறுதியானால் சிகிச்சை 8 முதல் 10 குப்பி விஷமுறியோடு தொடங்கும். பெரும்பாலும் தூளாக வரும் இந்த மருந்தை, ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லி தூய நீர் சேர்த்துக் கரைக்க வேண்டும். அதாவது ஒரே இரவில் இரண்டு பேர் வந்தால் குறைந்தது 20 குப்பி கையில் இருக்க வேண்டும். அறுவடைக் காலத்துக்கு முன்பே அந்தக் கணக்கைப் போட்டு வைப்பவர் மருந்தாளுநர். 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எந்த ஊரில் எத்தனை கடி என்று பதிவானால், எங்கே எவ்வளவு மருந்து வைப்பது என்ற கணக்கும் தெளிவாகும்.

அடுத்து பூச்சிமருந்து நச்சு. தெளிக்கும்போது உடம்பில் பட்டோ, வேறு விதமாகவோ உள்ளே போய்விட்டால் ஆர்கனோபாஸ்பேட் வகைக்கு அட்ரோபின் ஊசிதான் முதல் மருந்து. சாதாரண நாளில் மெதுவாகப் போகும் இந்த மருந்து, ஒரே நோயாளிக்கு நிறைய ஆம்பூல்கள் தேவைப்படும். ஸ்டாக் எண்ணிக்கை இங்கே உயிர்ப் பிரச்சினை.

மூன்றாவது இன்சுலின். இதில் ஒரு சின்னத் தவறு எவ்வளவு பெரிதாகும் என்று பாருங்கள். இந்தியாவில் இன்சுலின் குப்பி இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியை வாங்கிக்கொண்டு, வீட்டில் இருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தடாலென்று இறங்கி நோயாளி மயங்கிவிடலாம். "வீட்ல என்ன கலர் மூடி சிரிஞ்ச் வெச்சிருக்கீங்கம்மா?" என்று கவுன்ட்டரில் கேட்கும் ஒரே ஒரு கேள்வி இதைத் தடுக்கும்.

இன்சுலினையும் பல தடுப்பூசிகளையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல ஊர்களில் பல நாள் கரன்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் எந்த மருந்தை எங்கே மாற்றுவது, எது இன்னும் பயன்படும், எதை ஒதுக்க வேண்டும் என்று முடிவு எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதை 6 மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

வேலை எப்படி கிடைக்கும்?

அரசு வேலைக்கு ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். சுருக்கமாக எம்.ஆர்.பி. 2025 பிப்ரவரியில் 425 மருந்தாளுநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஊதிய விகிதம் 35,400 ரூபாயிலிருந்து 1,30,400 ரூபாய் வரை. தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பதிவு இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. எழுத்துத் தேர்வோடு தமிழ் மொழித் தகுதித் தாளும் உண்டு. அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்றத் தாள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட அறிவிப்பு எல்லா ஆண்டும் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பலர் முதலில் தனியார் மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

சொந்தத் தொழில் விருப்பம் என்றால் முதல்வர் மருந்தகம் திட்டம் இருக்கிறது. 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டு, 2025 பிப்ரவரி 24-ல் 1,000 மருந்தகங்களோடு தொடங்கப்பட்டது. டி.பார்ம், பி.பார்ம் முடித்த தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் என்று அரசு அறிவித்தது. இதற்கும் அடிப்படை அதே பதிவுதான்.

மேலே படிக்கலாமா? வெளிநாடு போகலாமா?

டி.பார்ம் முடித்தவர் பி.பார்மில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2008-ல் இந்தியாவில் அறிமுகமான 6 ஆண்டு பார்ம்.டி படிப்பிலும் சேரலாம். வார்டில் டாக்டரோடு சேர்ந்து நோயாளியின் மருந்துகளைச் சரிபார்க்கும் வேலையில் ஆர்வம் இருந்தால் பார்ம்.டி பொருத்தமாக இருக்கும்.

வளைகுடா நாடுகளையும் சிங்கப்பூரையும் மனதில் வைத்துப் படிக்கும் டெல்டா இளைஞர்கள் அதிகம். அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே டி.பார்ம் போதும், மருந்தாளுநர் ஆகலாம். பல நாடுகளில் மருந்தாளுநர் ஆகப் பட்டப்படிப்பு வேண்டும். டிப்ளமோ முடித்தவரை அங்கே 'டெக்னீசியன்' நிலையில்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி உரிமத் தேர்வும் உண்டு. வெளிநாடுதான் இலக்கு என்றால் பி.பார்ம் வரை படித்துவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று

குறுகிய காலப் படிப்பு விளம்பரம் கண்ணில் பட்டால், அந்த நிறுவனத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடிச்சா தமிழ்நாடு பார்மசி கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமா?" முடியும் என்றால் அதற்கான இந்திய பார்மசி கவுன்சில் அங்கீகாரத்தை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால், அது உதவியாளர் பயிற்சி மட்டும்தான் என்று தெரிந்து, அதற்கு இந்த ஃபீஸ் சரிதானா என்று யோசித்து முடிவெடுங்கள். பேச்சை மாற்றினால், பணத்தைக் கட்டாமல் வீட்டுக்குத் திரும்புவதே நல்லது.